கறுப்புத் திரையில் வந்த ஐந்து வரிகள்

பெயர்: அஞ்சலை த/பெ நல்லையா. வயது: 71. அடையாள அட்டை: சிவப்பு, நிரந்தரவாசி. முகவரி: எண் 14ஏ, பூக்கடைக்குப் பின்னறை, ஜாலான் காஜா பேராங், மலாக்கா. தொழில்: உணவுக்கடையில் பாத்திரம் கழுவியது, 2006 முதல் வேலை இல்லை. குடும்பம்: கணவர் காலமாகிவிட்டார். மகள் ருக்மணியும் பேரப்பிள்ளைகள் இருவரும் சுங்கைப் பட்டாணியில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டாம் என்கிறார். தேதி, நேரம்: 28.8.2012 செவ்வாய், மாலை மணி 4.20. பதிவு செய்தவர்: காவல் நிலைய சார்ஜன் கருணாகரன். அஞ்சலை தமிழில் சொன்னதால் தமிழிலேயே எழுதப்பட்டது.

அஞ்சலை ஆகிய நான் சொல்வது:

இன்று காலை பதினொன்றே கால் மணிக்கு எங்கள் தெருச் சங்கத்து அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். சங்கச் செயலாளர் பொன்னுதுரை, அவர் மனைவியின் தம்பி தம்பிராஜா, பக்கத்து அறையில் தையல் வகுப்பு நடத்தும் கமலவேணி, நான். கமலவேணி வாசலில்தான் நின்றாள், உள்ளே கால் வைக்கவில்லை. வேறு யாராவது இருந்ததாகப் பொன்னுதுரை புகாரில் எழுதிக் கொடுத்திருந்தால் அது பொய். எனக்குப் படிப்பு தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரைதான், ஆனால் யார் எங்கே நின்றார்கள் என்பதை நான் மறப்பதில்லை.

சங்கத்து அறை எங்கள் தெருமுனைக் கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கிறது. பதினேழு படி. அங்கே மேசைக்கு மேல் கணினியின் திரையும் மேசைக்கு அடியில் அதன் பெட்டியும் இருந்தன. நான் எடுத்தது பெட்டியை மட்டும். திரையை எடுக்கவில்லை. எழுத்துப் பலகையை எடுக்கவில்லை. மேசை மேல் பொன்னுதுரையின் மூக்குக்கண்ணாடி இருந்தது, அதையும் தொடவில்லை.

நான் ஏன் எடுத்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் தியாகுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கணினியைச் சங்கத்துக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவர் தியாகு. காஜா பேராங்கில் படிக்காதவர்களுக்கெல்லாம் விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் ஒரே பெட்டிக்குள் இரண்டு ஏற்பாடு வைத்திருந்தார். ஒன்று எல்லோரும் பழகிய விண்டோஸ். இன்னொன்று லினக்ஸ். விண்டோஸ் பக்கத்தில் வருகிறவர் போகிறவர் எல்லாம் எதையாவது செருகி வைரஸ் வந்துகொண்டே இருந்ததால், எங்கள் பத்திரங்களை அவர் லினக்ஸ் பக்கத்தில் பூட்டி வைத்தார். "ரெண்டும் ரெண்டு ரூமு மாதிரி ஆயா, ஒண்ணுல வெள்ளையடிச்சா இன்னொண்ணுல ஒட்டாது" என்று என்னிடம் சொன்னார். இது நடந்தது பிப்ரவரி 11, சனிக்கிழமை.

பெட்டியை முடுக்கினால் முதலில் திரை கறுப்பாகும். அதன் பிறகு வெள்ளை எழுத்தில் ஐந்து வரி வரும். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். முதல் வரி நீளம், இரண்டாம் வரி அதைவிட நீளம், மூன்றாவது குட்டை, நான்காவது கொஞ்சம் வளர்ந்தது, ஐந்தாவது விண்டோஸ். முதல் வரியில் என் பத்திரம் இருக்கிற பக்கம் திறக்கும். சும்மா விட்டால் பத்து எண்ணுவதற்குள் அதுவே திறந்துகொள்ளும். விண்டோஸ் வேண்டுமென்றால் கீழ் அம்புக்குறியை நான்கு முறை தட்ட வேண்டும். அப்படித் தட்டுவது பொன்னுதுரைக்குப் பிடிக்காது. ஒவ்வொரு முறையும் முணுமுணுத்துக்கொண்டேதான் தட்டுவார்.

அந்தப் பக்கத்துக்கான ரகசிய எண்ணாகத் தியாகு என் சிவப்பு அடையாள அட்டையின், அதாவது ஐசியின், எண்ணையே வைத்தார். "நான் மறந்தாலும் நீங்க மறக்க மாட்டீங்க ஆயா" என்றார்.

அந்தப் பத்திரம் என்ன என்று சார்ஜன் கேட்டார். அது 1957-ஆம் வருடத்து ஒரு தாள். நான் பிறந்தது கல்லுமலைத் தோட்டத்தில், 1941-இல். எங்கள் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீசுக் கணக்கர், கலியாணசுந்தரம் தம் கையால் தட்டச்சு செய்த குடும்பப் பட்டியல் அது. அதில் அப்பா, அம்மா, அண்ணன், நான் நால்வர் பெயரும், நான் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள் என்றும் இருக்கிறது. நான் இந்த நாட்டில் பிறந்தேன் என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே தாள் அதுதான். பிறப்புப் பத்திரம் கிடையாது. நான் பிறந்தபோது பிரசவம் பார்த்த மருத்துவச்சி இப்போது இல்லை, தோட்டமும் இல்லை.

கணினி சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்லும்படி சார்ஜன் கூறினார். இதுவும் கணினி சம்பந்தப்பட்டதுதான், எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

சுதந்திரம் வந்த வருடம் நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, குடியுரிமை பதிய எங்கள் தோட்டத்திலிருந்து லாரி போனது. பதினெட்டுப் பேர் ஏறினார்கள். எனக்குப் பதினாறு வயது. நான் தலை சீவி, பாவாடை தாவணி மாற்றி லாரி அருகே நின்றேன். என் அண்ணன் ராஜரத்தினம் லாரியின் பின்பலகையில் நின்றுகொண்டு, "ஒன் பேர கிராணி எழுதல. நீ வூட்டுல இரு, நாங்க வந்து சாப்புட சோறாக்கு" என்றார். நான் சோறு, கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் வதக்கல் ஆக்கினேன். மாலை நான்கு மணிக்கு அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் ஆளுக்கொரு காகிதத்தோடு இறங்கினார்கள். நான் இலை போட்டேன்.

அதன் பிறகு அவர்களுக்குக் குடிமக்களின் நீல ஐசி வந்தது, எனக்குச் சிவப்பு. அன்று முதல் பன்னிரண்டு தேர்தல் நடந்திருக்கிறது. தேர்தல் நாளில் எங்கள் தெருவே பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப் போடப் போகும். போகும்போது கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள், நான் போக வேண்டிய இடம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். 2008-இல் என் அறையில் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். மதியம் எல்லோரும் விரலில் மையோடு வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று நான் சொன்னதைச் சார்ஜன் திருத்தினார். அப்போது மை வைக்கும் வழக்கம் இல்லை. அது சரி. மை இல்லை. தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது உண்மை.

கிராணி என் பெயரை விட்டதற்காக ஐம்பத்தைந்து வருடம் நான் அவரை விடவில்லை. 1961-இல் என் கல்யாணத்துக்கு வந்தவருக்கு இலை போட வேண்டாம் என்று நானே சொன்னேன், மணப்பெண்ணாக இருந்துகொண்டு. அவர் வாசலிலேயே நின்று, என் அம்மா கையில் மடித்த ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மொய் என்று நினைத்தேன். 1974-இல் அவர் இறந்தபோது அவர் வீட்டு வாசல் வழியாகவே பாசார் சந்தைக்குப் போனேன், தலையைத் திருப்பவில்லை.

மேற்படி தாளின் அசல் அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்து எனக்கு வந்தது. தியாகு அதை இருபுறமும் படம் பிடித்துக் கணினியில் ஏற்றினார். "பின்னால பேனாவுல என்னமோ எழுதியிருக்கு, எதுக்கும் அதையும் எடுத்து வைக்கிறேன் ஆயா" என்றார். முன்பக்கம் மட்டும் ஒரு நகல் எடுத்துக் குடியுரிமை மனுவோடு அனுப்பினோம். அதன் பிறகு ஏப்ரல் மழையில் என் அறைக் கூரை ஒழுகித் தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கித் தாள் கூழாகிவிட்டது.

சென்ற வெள்ளிக்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. உண்மையில் அதற்குப் பதினோரு நாள் முன்பே வந்திருக்கிறது. பூக்கடைக்காரர் கல்லாவுக்கு அடியில் வைத்து மறந்துவிட்டார், அவரோடு நான் இப்போது பேசுவதில்லை. ஆகஸ்டு 29, புதன்கிழமை, அதாவது நாளை காலை ஒன்பது மணிக்கு ஆயர் குரோ பதிவு அலுவலகத்தில் நேர்காணல், பழைய தாளின் இரண்டு பக்கமும் தெளிவாகக் கொண்டு வர வேண்டும் என்று அதில் இருந்ததாகக் கமலவேணி படித்துச் சொன்னாள். சங்கத்து அறை செவ்வாய்க்கிழமைதான் திறக்கும். அதனால் இன்று போனேன்.

பொன்னுதுரையிடம், "தம்பி, என் பேப்பரு பின்பக்கம் ஒண்ணு அடிச்சுக் குடுங்க" என்று கேட்டேன். அவர் பெட்டியை முடுக்கினார். கறுப்புத் திரை வரவில்லை. நேரே விண்டோஸின் பச்சை மேடும் நீல வானமும் வந்துவிட்டன. "மொதல்ல அஞ்சு வரி வரணுமே, அது எங்க?" என்று கேட்டேன்.

தம்பிராஜா கால்மேல் கால் போட்டிருந்தார். "அதெல்லாம் இனி இல்ல ஆயா. ஞாயித்துக்கெழம நான் விண்டோஸ புதுசா போட்டுட்டேன். பாத்தீங்களா, ரோக்கெட் மாதிரி தொறக்குது" என்றார்.

"அப்ப தியாகு வெச்சது?"

"போயிருக்கும்லா. ஃபார்மெட் பண்ணா எல்லாம்தான் போவும்."

"ஒங்க பக்கம்தான வெள்ளையடிச்சீங்க? அந்தப் பக்கம் எப்புடிப் போவும்?"

தம்பிராஜா சிரித்தார். "மச்சான், ஆயா என்கிட்ட கம்பியூட்டர் வெளக்குறாங்க. நாளையிலேர்ந்து நீங்களே கிளாஸ் எடுங்க ஆயா, நான் வந்து முன்னாடி ஒக்காறேன்."

பொன்னுதுரை சிரிக்கவில்லை. மனுவோடு அனுப்பிய முன்பக்க நகலே போதும், அதிகாரிகள் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றார். கேட்டுத்தான் கடிதம் எழுதியிருக்கிறார்கள் என்றேன். தியாகுவுக்குப் போன் போடுங்கள் என்றேன். அவர் கெர்த்தே பக்கம் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலையாக இருக்கிறார், பத்தாம் தேதிதான் கரைக்கு வருவார் என்றார். அதன் பிறகு அவர் மணியைப் பார்த்து, "சாப்புடப் போவணும் ஆயா, பசிக்குது" என்றார்.

பன்னிரண்டு பத்துக்கு இருவரும் சாப்பிடப் போனார்கள். கதவைப் பூட்டவில்லை, தையல் வகுப்புக்கு வருகிறவர்கள் கழிவறைக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். நான் பெட்டியின் பின்னால் இருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எது எந்த ஓட்டையில் இருந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். பெட்டியைப் பழைய சாரத் துணியில் சுற்றி, பதினேழு படியும் நான் முதலில் உட்கார்ந்து, பிறகு பெட்டியை இறக்கி, மறுபடி உட்கார்ந்து இறங்கினேன். கீழே என் பாசார் இழுவண்டியில் வைத்துக் கட்டினேன். கயிறு கமலவேணி கொடுத்ததாகப் பொன்னுதுரை சொல்லியிருக்கிறார். கயிறு என்னுடையது. கமலவேணி உதவவில்லை. மூன்று மணிக்குள் கொண்டு வந்துவிடுவேன் என்று நான் சொன்னதும் சுவரைப் பார்த்துத்தான், அவளைப் பார்த்து அல்ல.

அதன் பிறகு பஸ் ஏறி புக்கிட் பாருவுக்குப் போனேன். வண்டியில் என்ன என்று டிரைவர் மலாயில் கேட்டதற்கு அரிசி என்றேன். இந்த ஒன்று நான் சொன்ன பொய்.

புக்கிட் பாருவில் ஹனீபா கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவர் தாயார் பீவியும் நானும் 1979 முதல் 1983 வரை ஒரே கடையில் பாத்திரம் கழுவினோம். பீவி என்னுடைய எவர்சில்வர் தூக்கை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. அது இந்த வழக்கில் சேராது என்று சார்ஜன் கூறினார்.

ஹனீபா சாரத்தைப் பிரித்துப் பார்த்து, "என்னா மாமி, இது யாரு பொட்டி?" என்றார். சங்கத்துடையது, கேட்காமல் எடுத்து வந்தேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கடைக் கதவில் இருந்த பலகையைத் திருப்பி வைத்துவிட்டு வந்து, தன் திரையில் பெட்டியை மாட்டி முடுக்கினார். பச்சை மேடுதான் வந்தது. கறுப்புத் திரையில் ஐந்து வரி வர வேண்டும், முதல் வரி இவ்வளவு நீளம், மூன்றாவது குட்டை என்று கையால் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஒரு சிடி வட்டை உள்ளே போட்டு வேறு வழியாகத் திறந்து பார்த்தார்.

"இருக்கு மாமி. ஒண்ணும் போவல" என்றார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"விண்டோஸ் இருக்கே, புதுசா போட்டா ஆரம்பத்துல தன் பேர மட்டும்தான் எழுதிக்கும். பக்கத்துல இன்னொருத்தன் குடியிருக்கான்னு சொல்லவே சொல்லாது. அதான் லிஸ்ட் வரல. மத்தபடி அந்தப் பக்கம் அப்புடியேதான் கெடக்கு."

அப்படியானால் இப்போதே எடுத்துக் கொடு என்றேன். பெட்டகம் மாதிரிப் பூட்டியிருக்கிறது, முறைப்படி அந்த முதல் வரி வழியாகப் போய் எண்ணைப் போட்டால்தான் திறக்கும், அதற்குப் பட்டியலைத் திரும்ப வரவழைக்க வேண்டும் என்றார். அதன் பிறகு அவர் கறுப்புத் திரையில் நிறையத் தட்டினார். ஒரு முறை தட்டி, முடுக்கினால் பச்சை மேடு. வேறொன்று தட்டி, முடுக்கினால் வெறும் கறுப்பு, மூலையில் ஒரு கோடு மட்டும் மினுங்கியது. கெட்டுவிட்டதா என்று நான் கேட்கவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை தட்டினார். முடுக்கினார். வெள்ளை எழுத்தில் வரிகள் வந்தன.

எண்ணினேன். நான்குதான் இருந்தன.

"ஒண்ணு கொறையுது" என்றேன்.

"விண்டோஸ்தான் மாமி வரல. ஒங்களுக்கு வேண்டியது மொத வரிதானே, அது வந்துருச்சே."

"அஞ்சாவது அவங்களோடது. எடுத்த மாதிரியே திருப்பிக் குடுக்கணும்."

"என் உம்மா அப்பவே சொல்லும், அஞ்சல கிட்ட மட்டும் எதையும் கடன் வாங்காதன்னு" என்று ஹனீபா சிரித்தார். தூக்கைப் பற்றி அப்போது நான் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் முதல் வரியைத் திறந்தார். எண் கேட்டது. என் ஐசியின் பன்னிரண்டு எண்ணையும் சொன்னேன். திறந்தது. அவர் அதற்குள் நின்று ஏதோ ஒரு வரி தட்டி, மறுபடி முடுக்கினார். ஐந்து வந்தன. ஐந்தாவதைத் திறக்கச் சொன்னேன், பச்சை மேடு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நானே பார்த்துக்கொண்ட பிறகுதான் என் பத்திரத்தை எடுக்கச் சொன்னேன். ஆகவே கணினியை நான் கெடுத்ததாகப் பொன்னுதுரை கொடுத்த புகார் தவறு. இப்போது சார்ஜனே முடுக்கிப் பார்க்கலாம்.

தியாகு ஆளாளுக்கு ஓர் உறை மாதிரி வைத்து மேலே தமிழில் பெயர் எழுதியிருந்தார். "அஞ்சலை ஆயா" என்று இருந்ததை நானே படித்தேன். ஹனீபா இரண்டு பக்கத்தையும் அச்சடித்துக் கொடுத்தார். அப்போது மணி இரண்டு. பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றேன். ஆங்கிலத்தில் பேனாவால் எழுதியிருந்தது. அவர் முதலில் தமக்குள் படித்தார். அதன் பிறகு தாளைக் கீழே வைத்தார். படி என்று மறுபடி சொன்னேன்.

அவர் படித்துச் சொன்னது: "3.11.57. நல்லையா குடும்பம். மூவர் அனுப்பப்பட்டனர். மகள் அஞ்சலை அனுப்பப்படவில்லை. அவளுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது, இந்தியாவுக்குப் போய்விடுவாள், பதிய வேண்டாம் என்று அண்ணன் சொல்கிறார். இரண்டு முறை கேட்டேன். அதே பதில்." கீழே கிராணியின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து, தமிழில். அதை ஹனீபா படிக்க வேண்டியிருக்கவில்லை. ராஜரத்தினம் என்று இருந்தது. 'ர'வுக்குக் காலை நீட்டி இழுக்கும் பழக்கம் எங்கள் அண்ணனுக்கு இன்றும் உண்டு.

கல்யாணத்தன்று கிராணி என் அம்மா கையில் கொடுத்தது மொய் இல்லை என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. தோட்டத்து ஆபீசுத் தாள் வேறு எந்த வழியாக அம்மா பெட்டிக்கு வந்திருக்க முடியும்? அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. தியாகு இதைப் படித்தாரா என்று நான் கேட்கப் போவதில்லை.

ஹனீபா, "மாமி, இந்த எழுத்து இல்லாம வெறும் தாளு மாதிரி ஆக்கிக் குடுக்கவா? அஞ்சு நிமிஷம் வேல. இந்தியாவுக்குப் போறவன்னு எழுதியிருக்குறதப் பாத்தா அங்க நாலு கேள்வி கேப்பாங்க" என்றார். வேண்டாம், இருக்கிறபடி இருக்கட்டும் என்றேன். அவர் தேநீர் வாங்கித் தந்தார், குடித்தேன்.

என் அண்ணன் வீடு ஹனீபா கடையிலிருந்து பத்து நிமிட நடை. நான் சங்கத்துக்குத் திரும்பாமல் வண்டியை இழுத்துக்கொண்டு அங்கே போனேன். மூன்று மணிக்குள் கணினி திரும்பாததற்குக் காரணம் இதுதான், வேறு உள்நோக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை சுதந்திர தினம் என்பதால் அவர் வீட்டு வேலியில் கொடி கட்டியிருந்தது. அவர் வெளியே வந்து, "என்னா அஞ்சல, இந்த வெயில்ல? வண்டில என்னா?" என்றார்.

"கம்பியூட்டரு."

"ஓ, கேள்விப்பட்டேன். பொன்னுதொர இப்பதான் போன் அடிச்சான். ஒனக்குப் பைத்தியமா?"

தாளைக் கொடுத்தேன். கண்ணாடி எடுத்து வந்து படித்தார். முன்பக்கம் படித்தார், திருப்பினார். அங்கேயே நின்றார். கொடி அவர் தோளில் பட்டுக்கொண்டிருந்தது, தள்ளிவிடவில்லை.

"உள்ள வா. தண்ணி குடி" என்றார்.

"இது ஒன் கையெழுத்தாண்ண?"

"அப்ப ஒனக்கு மாப்பிள்ள பேசியிருந்தோம்லா. அவன் ஊருக்குப் போறவன். எதுக்கு வீணா பதியணும்னு அப்பா நெனச்சாரு."

"அப்பா கையெழுத்து இதுல இல்ல. அந்த மாப்பிள்ளப் பேச்சு தையோட நின்னு போச்சு. அடுத்த வருஷமும் பதிஞ்சாங்க. ரெண்டாவது லாரி போச்சு, மூணாவது லாரி போச்சு. நீ ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன்" என்றார். அதன் பிறகு, "பயமாவும் இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டு மாத்திச் சொன்னா என் பேப்பரையும் புடுங்கிக்குவானுங்களோன்னு" என்றார். இதை அவர் சொன்னார் என்பதையும் எழுத வேண்டும். அவர் சொன்னதை மறைக்க நான் வரவில்லை.

நாளை என்னோடு ஆயர் குரோவுக்கு வந்து, அந்த வரி நடக்காமல் போன விஷயம், இவள் எங்கேயும் போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். இதற்கு முன் அவரிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

"நாளைக்கு எனக்குக் கிளினிக் இருக்கு" என்றார். "பின்பக்கத்த எதுக்குக் காட்டுற? முன்பக்கம் மட்டும் குடு. மழையில போச்சுன்னு சொல்லு."

தண்ணீர் எடுத்து வருவதாக உள்ளே போனார். வருவதற்கு நேரமானது. தண்ணீருக்கு முன்னால் போலீஸ் கார் வந்தது. அந்த வீட்டிலிருந்துதான் தகவல் வந்தது என்று காரில் இருந்தவர் சொன்னார். நான் எதிர்க்கவில்லை. பெட்டியைப் பின்சீட்டில் நிமிர்த்தி வைக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். அண்ணன் டம்ளரோடு வாசலில் நின்றார்.

பொன்னுதுரை இங்கே வந்து பெட்டியைப் பார்த்தார். புகாரை மீட்டுக்கொள்வதாகச் சொன்னதாகச் சார்ஜன் கூறுகிறார். மீட்டுக்கொள்ள வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். புகார் இருந்தால்தான் வாக்குமூலம் இருக்கும். வாக்குமூலம் இருந்தால்தான் அதன் நகலைக் கேட்டு வாங்க முடியும். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் போலீஸ் ரிப்போர்ட் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நாளை காலை ஒன்பது மணிக்கு எனக்காகப் பேச வேறு ஆள் இல்லாததால், முத்திரை குத்திய இந்த நகலை அந்தத் தாளோடு சேர்த்துக் கொடுப்பேன். 1957-ஐப் பற்றி இவ்வளவு சொன்னது அதற்காகத்தான். அதை வெட்டாமல் எழுதியதற்குச் சார்ஜனுக்கு நன்றி.

பொன்னுதுரை மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அவர் பசியில் இருந்தார். தம்பிராஜா செய்தது தெரியாமல் செய்தது. பூக்கடைக்காரரிடம் நாளை மறுநாள் பேசுவேன். கலியாணசுந்தரம் கிராணியிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைக் கேட்க இப்போது வழியில்லை.

சார்ஜன் கருணாகரன் எழுதியதை முதலிலிருந்து வாசித்துக் காட்டக் கேட்டேன். இரண்டு இடத்தில் தேதி திருத்தினேன். இதில் இருப்பதெல்லாம் நான் கண்டது, கேட்டது, செய்தது. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை, யாருக்கும் பயந்து எதையும் விடவில்லை. கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன்.

(ஒப்பம்) அஞ்சலை

கையெழுத்துக்குப் பின் கேட்டுக்கொண்டபடி சேர்த்தது: லாரியில் ஏற்றாமல் விட்டதை நான் பொறுப்பேன், அவருக்கு அப்போது இருபது வயது. போன் செய்ததையும் பொறுப்பேன். ஐம்பத்து நான்கு தீபாவளிக்கு என் கையால் சாப்பிட்டவர் அவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் கிராணியைத் திட்டினேன். அவர் இலையில் கைவைத்தபடி, "ஆமாமா, மோசமான ஆளு அவன்" என்று என்னோடு சேர்ந்து திட்டினார். அதை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவர் பெயர் ராஜரத்தினம் த/பெ நல்லையா.